கிழக்குப் பக்கத்து மண் தரையும் நம் மழைக் கணக்கும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் மூன்றாவது தீர்மானத்தின் மீது பேசியதன் எழுத்து வடிவம். சில கணக்குகள் மட்டும் பிறகு சேர்க்கப்பட்டவை.)

செயலாளர் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். மைக் கைக்கு வந்துவிட்டதால் பதினைந்து ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது தீர்மானம் எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். சி பிளாக்குக்குக் கிழக்கே மதில் வரை இருக்கிற 12,000 சதுர அடி மண் தரையில் கான்கிரீட் போட்டு, மேலே பேவர் பிளாக் பதித்து, 40 கார் நிறுத்த இடம் செய்வது என்பது தீர்மானம். இடம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. இரண்டாம் ஷிஃப்ட் முடித்து நடுராத்திரிக்கு வருகிற பிள்ளைகள், உள்ளே இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் ரோட்டில் நிற்கும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் காரை விட்டுவிட்டு வருவதை நானே பார்க்கிறேன். என் ஆட்சேபம் அடியில் போடப்போகிற அந்தக் கான்கிரீட்டின் மேல்தான்.

ஏன் என்று சொல்ல ஒரு சின்னக் கணக்கு. பேங்க்கில் வரவு செலவு எழுதியே தலை நரைத்தவன், வேறு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியாது.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும், மீதி எல்லாம் பெருக்கல். நம் வளாகம் 5 ஏக்கர், அதாவது 20,000 சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாளில் 10 செ.மீ. பெய்வது நமக்குப் புதிதல்ல. அப்படி ஒரு நாளில் நம் மதிலுக்குள் விழுவது 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் 168 லாரி. ஒரே நாளில், இனாமாக.

இதில் மொட்டை மாடிகள் ஒன்றரை ஏக்கர், சிமென்ட்டும் பேவரும் போட்ட தரை இரண்டு ஏக்கர். இந்த மூன்றரை ஏக்கரில் விழும் நீரில் பத்தில் ஒன்பது பங்கு நிற்காமல் ஓடிவிடும். அது மட்டும் 106 லாரி. மீதி ஒன்றரை ஏக்கர் தோட்டமும் மண்ணும்தான் கொஞ்சம் குடிக்கிறது. அந்த ஒன்றரை ஏக்கரில் தொடர்ச்சியாக, யாரும் மிதித்து இறுக்காமல் இருக்கிற பெரிய துண்டு இந்தக் கிழக்குப் பக்கம்தான். லாரித் தண்ணீருக்குக் கோடையில் எவ்வளவு கொடுத்தோம் என்பது ஆண்டறிக்கையின் நான்காம் பக்கத்தில் இருக்கிறது. அதை இங்கே படித்து யாருடைய மனதையும் நோகடிக்க விரும்பவில்லை.

ஓடிவிடுகிற அந்த 106 லாரித் தண்ணீர் எங்கே போகிறது? பின் மதிலில் ஒரு பெரிய குழாய் இருக்கிறதே, அது வழியாகப் பின்னால் இருக்கும் கால்வாயில் விழுகிறது. நம்மில் பலர் அதைச் சாக்கடை என்றே சொல்கிறோம். அது ஏரிக்கு நீர் கொண்டுபோகும் வரத்துக்கால்வாய். பின் தெருவில் இருக்கும் பெரியவர் ஒருவர் சொன்னார், அவர் சிறுவயதில் அதில் இறங்கிக் கெண்டை பிடிப்பார்களாம். இன்று அதன் அகலத்தில் பாதிதான் மிச்சம். அதனால் நம் குழாய் முழு வேகத்தில் கொட்டினால் கால்வாய் கொள்ளாமல் அந்தத் தெருவுக்குள் ஏறுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தெருப் பெண்கள் நம் கேட்டுக்கு வந்து நின்றதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சண்டைக்கு வரவில்லை. "உங்க தண்ணியை எங்க வீட்டுக்குள்ள விடாதீங்கம்மா" என்று கேட்டார்கள். செக்யூரிட்டியிடம் அதற்குப் பதில் இல்லை. எங்களிடமும் இல்லை.

நாம் இருப்பது ஏரிகளின் நாடு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஆறு ஒன்றும் பெரிதாக இல்லாத இடத்தில், விழுகிற மழையைப் படிப்படியாகப் பிடித்துவைக்க ஒன்றன் கீழ் ஒன்றாக ஏரி வெட்டினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாகக் கீழ் ஏரிக்கு, அது நிரம்பினால் அடுத்ததற்கு. ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஏரிகளின் உபரி செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம் பக்கத்து உபரி அடையாற்றில் இறங்கி வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகப் போகிறது. செம்பரம்பாக்கம் நிரம்பித் திறந்தால் அதுவும் அடையாற்றில்தான் சேர்கிறது. வரதராஜபுரமும் முடிச்சூரும் ஏன் வருஷா வருஷம் செய்தியில் வருகின்றன என்று டி.வி. பார்த்து உச்சுக்கொட்டுகிறோம். அங்கே வீட்டுக்குள் நுழைகிற தண்ணீரில் ஒரு பகுதி நம் மாதிரி மேட்டு இடங்களிலிருந்து கிளம்பியதுதான்.

இந்த ஏரிகளுக்கு நடுவில்தான் முதலில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், பிறகு ஒரகடம், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் என்று சிப்காட் பூங்காக்கள் வந்தன. வந்தது நல்லது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்குச் சோறு அதில்தான். ஆனால் தகரக் கூரைக்கும் கான்கிரீட் முற்றத்துக்கும் ஏரியின் பொறுமை கிடையாது. ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டினால் நம் வளாகத்திலிருந்து மட்டும் விநாடிக்கு 6 கன அடி வெளியேறும். பார்த்தால் அற்பம். இதே கணக்கில் 1,000 ஏக்கர் கூரையும் தளமும் இருந்தால் விநாடிக்கு 1,780 கன அடி. இந்தத் தடத்தில் சிப்காட் நிலம் மட்டுமே பல ஆயிரம் ஏக்கர். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்துவிட்டது அதிகபட்சம் 29,000 கன அடி என்பதை நினைத்துக்கொண்டால் இந்த எண்களின் எடை புரியும்.

"அப்படியானால் கம்பெனிக்காரர்கள் முதலில் செய்யட்டுமே, நம் 12,000 சதுர அடியில் என்ன வந்துவிடப்போகிறது?" என்று போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு சார் கேட்டார். நியாயமான கேள்வி. கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதை ஊராட்சியும் சிப்காட்டும் கேட்க வேண்டும், நாமும் மனு கொடுக்கலாம். ஆனால் பின் தெருவுக்குள் ஏறுகிறது கம்பெனித் தண்ணீர் இல்லை, நம் குழாய்த் தண்ணீர். அதற்கு மனு எழுதி யாரிடம் கொடுப்பது?

மழைநீர் சேகரிப்புதான் ஏற்கெனவே இருக்கிறதே என்றும் சிலர் சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 2003-இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயம் ஆக்கினார்கள். நாட்டுக்கே முன்மாதிரியான சட்டம், அதில் சந்தேகமில்லை. நம் வளாகத்தின் வரைபடத்தில் 14 சேகரிப்புக் குழிகள் காட்டியிருக்கின்றன. போன மாதம் பிளம்பரை வைத்துப் பதினான்கையும் திறந்து பார்த்தோம். மூடி பதினான்கும் இருக்கிறது. ஆறில் மட்டும் உண்மையான குழி இருக்கிறது. மற்ற எட்டில் இரண்டடி ஆழத்தில் சிமென்ட் தளம்! கட்டிக்கொடுத்தவர் மூடிக்குத்தான் கணக்குக் காட்டியிருக்கிறார். உண்மையான ஆறிலும் வண்டல் கழுத்து வரை. புஸ்தகத்தில் சொத்து, கிட்டங்கியில் ஒன்றுமில்லை என்று ஆடிட்டர்கள் சொல்வார்களே, அந்த ரகம்.

இன்னொன்று. சென்னையில் பெசன்ட் நகரில் செய்வதை அப்படியே இங்கே செய்ய முடியாது. அங்கே கடற்கரை மணல், ஊற்றிய தண்ணீர் உடனே இறங்கிவிடும். நமக்கு அடியில் இருப்பது களி. நிலவியல்காரர்கள் இந்தப் படிவத்துக்கு ஸ்ரீபெரும்புதூர் பெயரையே வைத்திருக்கிறார்கள். டைனோசர் காலத்துக் களிக்கல், இலைத் தடங்கள் புதைந்த பாறை. பெருமைதான். ஆனால் தண்ணீர் அதில் சோம்பேறித்தனமாகத்தான் இறங்கும். ஆகவே இங்கே முதல் வேலை தண்ணீரைச் சற்று நேரம் நிறுத்திவைப்பது. நின்றால் மெதுவாக இறங்கும். இறங்காத மிச்சமும் ஓடி அடங்கிய கால்வாயில் பிறகு நிதானமாகப் போகும்.

நாங்கள் மூன்று பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதனை செய்தோம். ஒரு அடி ஆழத்துக்குக் குழி எடுத்து, நீர் ஊற்றி ஒரு முறை ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, ஸ்கேல் வைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. மணிக்கு அரை அங்குலமாவது இறங்கினால் மழைத் தோட்டம் போடலாம் என்பது பொதுவான விதி. கேட் பக்கம், கட்டட இடிபாடு கொட்டி நிரப்பிய இடத்தில், கால் அங்குலம்கூட இறங்கவில்லை. கிழக்குப் பக்கம் முக்கால் அங்குலம் இறங்கியது. அதுவும் நாற்பது வருஷ வேப்ப மரத்தின் பக்கத்தில் எடுத்த குழியில்தான் நன்றாக இறங்கியது. வேர் போன வழியில் தண்ணீரும் போகும்போல. தீர்மானத்தின்படி அந்த மரம் 17-ஆம் நம்பர் கார் நிற்கும் இடத்தில் வருகிறது.

இப்போது மாற்று யோசனைக்கு வருகிறேன். கார் எண்ணிக்கை 40-லிருந்து 37 ஆகும். மற்றபடி எல்லோருக்கும் இடம் உண்டு.

கான்கிரீட்டுக்குப் பதிலாக ஒரு அடி ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, கழுவிய ஜல்லி நிரப்புவது. பொடி கலக்காத, ஒரே அளவு ஜல்லி. இப்படிப்பட்ட ஜல்லியில் மூன்றில் ஒரு பங்கு இடம் சும்மா வெற்றிடம்தான். அப்படியானால் 30 செ.மீ. ஜல்லிக்குள் 10 செ.மீ. மழை அடங்கும். ஒரு முழு நாள் கனமழை, ஒரு சொட்டு வெளியே போகாமல், காருக்கு அடியில். கார் ஓடும் பாதையில் இடைவெளி விட்டுப் பேவர், இடுக்கில் சிமென்ட்டுக்குப் பதில் பொடி ஜல்லி. கார் நிற்கும் இடத்தில் துளை வைத்த புல் பேவர். நாம் அளந்த முக்கால் அங்குல வேகத்தில் அந்தப் பத்து செ.மீ. தண்ணீர் மண்ணுக்குள் இறங்க ஐந்தாறு மணி நேரம். தொடர் மழையில் மண் ஊறிப்போயிருக்கும், ஒரு நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வருவதை வெளியேற்ற ஜல்லியின் மேல்மட்டத்தில் ஒரு துளைக் குழாய் வைத்தால் போதும்.

மதிலோரமாக ஆறடி அகலத்துக்கு ஒரு புல் வாய்க்கால். ஆழம் ஒன்றரை அடி, சரிவு மெதுவாக, நடுநடுவே கல் தடுப்பு. இரண்டு ஏக்கர் தளத்தில் கிழக்கே சரிகிற பாகத்துத் தண்ணீர் முதலில் இதற்குள் வரும். வெட்டிவேர், கல்வாழை, கோரை நட்டால் இரண்டு நாள் தண்ணீர் நின்றாலும் சாகாது, வெயிலிலும் தாங்கும். காரிலிருந்து சொட்டுகிற ஆயில், டயர் தூசி எல்லாம் முதல் மழையில்தான் அதிகமாக அடித்துக்கொண்டு வரும். அது வேரிலும் மண்ணிலும் தங்கிவிடும். இது சாதாரண விஷயமல்ல. செம்பரம்பாக்கம் சென்னை குடிக்கிற ஏரி, 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. நம் பிள்ளைகள் பாதிப் பேர் சென்னையில்தான் வேலை பார்க்கிறார்கள், அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

மொட்டை மாடித் தண்ணீர் தனி. அது சுத்தமானது, அதை வாய்க்காலில் விடுவது வீண். வடிகட்டிச் சம்ப்பில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உறை இறக்கிய இரண்டு ஆழக் கிணறுகளில் விடலாம். களியைத் தாண்டி மணல் கலந்த அடுக்கு வருகிற வரை தோண்ட வேண்டும், பத்தடியோடு நிறுத்தினால் பணம்தான் போகும். ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழையில் எண்பது சதவீதம் பிடித்தால் மாடிகளிலிருந்து மட்டும் 58 லட்சம் லிட்டர். 240 வீடு, வீட்டுக்கு நாலு பேர், தலைக்கு 135 லிட்டர் என்று அரசாங்கக் கணக்கில் பார்த்தால் 45 நாள் தண்ணீர். லாரியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவரை நம்பாதீர்கள். 365-இல் 45, அவ்வளவுதான். ஆனால் அந்த 45 எந்த மாதத்தில் வருகிறது என்று லாரி பில்லைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கொசு வரும் என்று ஏ பிளாக் மேடம் கவலைப்பட்டார். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் வேண்டும். வாய்க்காலில் தண்ணீர் 48 மணி நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதுதான் வடிவமைப்பின் விதி. நின்றால் கீழே வடிகுழாய் போட வேண்டும். இப்போது நம் கொசு எங்கே பிறக்கிறது தெரியுமா? அந்த எட்டு பொய்க் குழிகளில். சிமென்ட் தளத்தில் மாதக்கணக்கில் நிற்கிறது, மூடி வேறு போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இந்த யோசனை என் மூளையில் பிறந்ததல்ல. சிங்கப்பூரில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் பீஷான் பூங்காவைப் பார்த்திருப்பார்கள். அங்கே காலாங் ஆறு 2.7 கி.மீ. நேரான கான்கிரீட் கால்வாயாக இருந்தது. கான்கிரீட்டை உடைத்து, வளைந்து ஓடுகிற 3.2 கி.மீ. ஆறாக மாற்றி 2012-இல் திறந்தார்கள். மழை இல்லாதபோது கரையில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், மழை வந்தால் பூங்காவே ஆற்றுக்கு வழிவிடுகிறது. சீனாவில் 2015 முதல் பஞ்சு நகரம் என்று நகரம் நகரமாகச் செய்கிறார்கள். சென்னை மாநகராட்சியும் சில பூங்காக்களில் பள்ளம் எடுத்து அதே மாதிரி ஸ்பாஞ்ச் பூங்கா அமைத்திருக்கிறது.

இதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பஞ்சு நகரத் திட்டத்தில் ஏராளமாகச் செலவழித்த செங்சௌ நகரத்தில் 2021 ஜூலையில் ஒரே மணி நேரத்தில் 20 செ.மீ. கொட்டியது, சுரங்க ரயிலுக்குள் தண்ணீர் புகுந்து ஆட்கள் செத்தார்கள். 2015-இல் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் 47 செ.மீ. பதிவானது. அது நம் வளாகத்தில் 95 லட்சம் லிட்டர். அதை ஜல்லியும் கோரையும் தாங்காது. அந்த மாதிரி நாளுக்கு அகலமான கால்வாயும், ஆழமான ஏரியும், நேரத்தோடு திறக்கிற ஷட்டரும்தான் வேண்டும். நாம் பேசுவது வருஷத்துக்கு ஐந்தாறு முறை வருகிற 5 செ.மீ., 10 செ.மீ. மழையைப் பற்றி. பின் தெருவுக்குள் ஏறுவது பெரும்பாலும் அந்த மழைதான்.

செலவு. பொருளாளர் இரண்டு விலைப்புள்ளி வாங்கியிருக்கிறார். ஜல்லி முறைக்குக் கூடுதலாக ஆவது மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல், 240 வீட்டுக்குப் பிரித்தால் ஏறக்குறைய 1,500 ரூபாய். கார்பஸ் நிதியைத் தொட வேண்டாம், இரண்டு காலாண்டில் வசூலித்துக்கொள்ளலாம். வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கொடுக்கத் தேவையில்லை. சொந்தக்காரர்கள் கொடுக்க வேண்டும்.

செலவைவிட எனக்குப் பயம் பராமரிப்பில்தான். பேவர் இடுக்கு இரண்டு வருஷத்தில் தூசியால் அடைத்துக்கொள்ளும். அதன்பின் அது கான்கிரீட்டுக்குச் சமம். வருஷத்துக்கு ஒரு தடவை, புரட்டாசிக்குள், இடுக்கைப் பெருக்கிப் பொடி ஜல்லி மாற்ற வேண்டும். புல் வாய்க்காலில் வண்டல் வார வேண்டும். குழிகளைத் திறந்து பார்க்க வேண்டும். இதற்கு ஆள் இல்லாவிட்டால் தயவுசெய்து என் யோசனையை நிராகரித்துவிடுங்கள்.

நம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளியில் குடவோலைக்காகப் படித்தோம். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. அதில் ஏரி வாரியம் என்று ஆறு பேர் கொண்ட குழு உண்டு, பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது. அவருடைய உறவினரும் நிற்க முடியாது! உறவினர் விஷயத்தை நம் துணைவிதியில் சேர்த்தால் கமிட்டிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம், அதை விட்டுவிடலாம். ஆறு பேரை மட்டும் எடுத்துக்கொள்வோம். பிளாக்குக்கு ஒருவர் என்று நாலு பேர், வாடகைதாரர் சார்பில் ஒருவர், பின் தெருவிலிருந்து ஒருவர். கடைசியில் சொன்னவருக்கு ஓட்டு வேண்டாம் என்று யாராவது சொன்னால் நான் வாதாடத் தயார். குழாயின் அந்த முனையில் இருப்பவர் அவர்தான்.

ஆகவே தீர்மானத்தில் மூன்று திருத்தம் கேட்கிறேன். கான்கிரீட் அடித்தளம் என்ற சொல்லை எடுத்துவிட்டு ஜல்லிப் படுகை என்று போடுங்கள். கார் 37, வேப்ப மரம் நிற்கட்டும். எட்டு பொய்க் குழிகளையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன் உடைத்துச் சரிசெய்வதை இதே தீர்மானத்தில் சேருங்கள், தனித் தீர்மானம் என்றால் அடுத்த வருஷத்துக்குப் போய்விடும்.

இரண்டு வரைபடங்களும் வாசல் பக்கத்து மேசையில் விரித்து வைத்திருக்கின்றன. சோதனைக் குழி மூன்றையும் இன்னும் மூடவில்லை, சுற்றிக் கயிறு கட்டியிருக்கிறது. நம்பாதவர்கள் ஒரு பக்கெட் தண்ணீரும் ஒரு ஸ்கேலும் எடுத்துக்கொண்டு போய் ஊற்றிப் பார்த்துவிட்டு வந்து ஓட்டுப் போடலாம். குழந்தைகளைக் கூட்டிப் போகிறவர்கள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.